ஒரு லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப்: வடலூர் வெயிலில் முழு வேகம் கிடைக்குமா?

இன்ஜினியரிங் சீட் உறுதியான வீட்டில் அடுத்த பேச்சு லேப்டாப் பற்றித்தான். "நாலு வருஷம் தாங்கணும், அதனால கொஞ்சம் பெருசாவே வாங்கிடலாம்" என்பது பிள்ளைகளின் வாதம். அந்தக் 'கொஞ்சம் பெருசு' இப்போது கேமிங் லேப்டாப் என்றாகிவிட்டது. விலை ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கும், கொஞ்சம் ஆசைப்பட்டால் தாண்டிவிடும். வடலூர், குறிஞ்சிப்பாடி, நெய்வேலிப் பக்கம் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் இது சும்மா எடுத்துக் கொடுக்கிற தொகை கிடையாது. நகையோ, சீட்டுப் பணமோ, கார்டு இ.எம்.ஐ-யோ, ஏதோ ஒன்று அசைய வேண்டும்.

பணம் கொடுப்பவர் கேட்பது ஒரே கேள்வி. இவ்வளவு கொடுத்தால் சொன்ன வேகம் கிடைக்குமா? கிடைக்கும் என்கின்றன யூடியூப் ரிவ்யூக்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஏசி போட்ட அறையில் எடுக்கப்பட்டவை. சித்திரை வெயிலில், மாடி ரூமில், சீலிங் ஃபேன் மட்டும் ஓட, அதே லேப்டாப் என்ன செய்யும் என்று யாரும் காட்டுவதில்லை. நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

ஸ்டிக்கரில் இல்லாத எண்

கேமிங் லேப்டாப்பின் விலையைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரு பாகம்: ஜிபியு எனப்படும் கிராபிக்ஸ் சிப். கீபோர்டு பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'ஆர்டிஎக்ஸ் 5060', 'ஆர்டிஎக்ஸ் 5070' என்று இருக்கும். எண் பெரிதானால் வேகம் அதிகம், விலையும் அதிகம் என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை.

மீதிப் பாதி வாட்டில் இருக்கிறது. ஒரே ஆர்டிஎக்ஸ் 5060 சிப்பை லேப்டாப் நிறுவனம் 45 வாட்டிலும் ஓட்டலாம், 100 வாட்டிலும் ஓட்டலாம். என்விடியா நிறுவனமே இந்த வரம்பைக் கொடுத்திருக்கிறது. முந்தைய தலைமுறை 4060-க்கு இந்த வரம்பு இன்னும் அகலம், 35-லிருந்து 115 வாட் வரை. மெல்லிய, அழகான லேப்டாப்பில் குறைந்த வாட். தடிமனான, வெயிட்டான லேப்டாப்பில் அதிக வாட். இரண்டிலும் ஸ்டிக்கர் ஒன்றுதான். 50 வாட் கொடுக்கப்பட்ட 4070, முழு வாட் கிடைத்த 4060-இடம் தோற்பதும் நடக்கும். அதிகப் பணம் கொடுத்து மெதுவான மெஷினை வாங்கி வருவது என்பது இதுதான்.

வீட்டில் யாராவது என்.எல்.சி-யில் வேலை பார்த்தால் இது சட்டென்று புரியும். நெய்வேலி புதிய அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட் இரண்டு. மொத்தம் 1,000 மெகாவாட் என்பது பெயர்ப்பலகைத் திறன். எரிகிற பழுப்பு நிலக்கரி, குளிர்விக்கும் நீர், நிலையமே தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் எல்லாம் போக, கிரிட்டுக்கு எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு. தூரத்திலிருந்தே தெரியும் அந்தக் கூலிங் டவர்கள் அழகுக்காக நிற்கவில்லை. லேப்டாப்பிலும் ஸ்டிக்கர் என்பது பெயர்ப்பலகை. கூலிங் என்ன அனுமதிக்கிறதோ அதுதான் உற்பத்தி.

இன்னொரு குழப்பமும் உண்டு. லேப்டாப்பில் இருக்கும் '5090'-ம் டெஸ்க்டாப்பில் இருக்கும் '5090'-ம் பெயரில் மட்டும்தான் ஒன்று. டெஸ்க்டாப் கார்டில் 21,760 கூடா கோர்கள், 32 ஜிபி மெமரி, 575 வாட். லேப்டாப்பில் 10,496 கோர்கள், 24 ஜிபி மெமரி, 95 முதல் 150 வாட். பாதிக்கும் குறைவான கோர்கள்! பெயரில் 'லேப்டாப் ஜிபியு' என்று ஒரு வால் சேர்க்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். நம் பட்ஜெட்டுக்கு 5090 எட்டாது என்றாலும், டெஸ்க்டாப் கார்டின் ரிவ்யூவைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை ஆர்டர் செய்யும் தவறு எல்லா விலையிலும் நடக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. என்விடியாவின் 40 வரிசை லேப்டாப் சிப்களில், 4050 முதல் 4070 வரை, ஏறத்தாழ 100 வாட்டைத் தாண்டிய பிறகு கூடுதல் வாட்டுக்குக் கிடைக்கும் பலன் மிகவும் குறைவு. '140 வாட்' என்று விளம்பரம் செய்தால் மயங்க வேண்டாம். 90, 100 வாட் நிலையாகக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த 'நிலையாக' என்ற சொல்லில்தான் நம்ம ஊர் வெயில் உள்ளே வருகிறது.

38 டிகிரி கணக்கு

சிப்பில் உண்டாகும் சூட்டை செம்புக் குழாய் இழுத்துக்கொண்டு போய் உலோகத் தகடுகளில் பரப்பும். ஃபேன் அறைக் காற்றை இழுத்துத் தகடுகள் மேல் அடித்து வெளியே தள்ளும். ஆக, குளிர்விக்கும் பொருள் என்பது உங்கள் ரூமில் இருக்கும் காற்றுதான். அந்தக் காற்றே சூடாக இருந்தால்?

தோராயமாக ஒரு கணக்கு போடலாம். சிப்பை 90 டிகிரிக்கு மேல் விடக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஏசி ரூமில் காற்று 25 டிகிரி. வித்தியாசம் 65. வடலூரில் மே மாத மதியம் ரூமுக்குள் 38 டிகிரி. வித்தியாசம் 52 ஆகக் குறைந்துவிட்டது. அதே ஃபேன், அதே வேகம் என்றால் வெளியேற்றக்கூடிய சூடும் இந்த வித்தியாசத்தைப் பொறுத்ததுதான். 65-க்கு 52 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஏசி ரூமில் சிபியு, ஜிபியு இரண்டும் சேர்ந்து 150 வாட் ஓடிய லேப்டாப், இங்கே 120 வாட்டில்தான் அதே சூட்டில் நிற்கும்.

மீதி 30 வாட் எங்கே போகும்? லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் 'தெர்மல் த்ராட்லிங்' என்கிறார்கள். மெஷின் எரிந்துபோகாமல் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இது, பழுது கிடையாது. ஆனால் விளையாடுபவருக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் பத்து நிமிடம் சர்ரென்று ஓடும். அப்புறம் முக்கியமான கட்டத்தில் திணறும். ரெண்டரிங் போட்டவருக்கு ஒரு மணி நேர வேலை ஒண்ணேகால் மணி நேரமாகும். பல நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் இயங்கு வெப்பநிலையை 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கின்றன. கடலூர் மாவட்டக் கோடை அதைத் தாண்டுவது அபூர்வமே இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். லேப்டாப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 200 வாட் என்றால், பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டை மூடிய ரூமில் எரியவிட்டது மாதிரி. ரூம் சூடாகும், அந்தச் சூட்டையே ஃபேன் மறுபடி உள்ளே இழுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலே சில டிகிரி இறங்கும். திறந்தால் தூசி வரும், அது அடுத்த பிரச்சினை.

தூசியைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்தவெளிச் சுரங்கம், சாம்பல், லாரிப் போக்குவரத்து. காலையில் துடைத்த டீப்பாய் மேல் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். சாதாரண ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு சின்ன ஃபேன் எப்போதாவது சுற்றும். கேமிங் லேப்டாப்பில் இரண்டு பெரிய ஃபேன்கள் மணிக்கணக்கில் முழு வேகத்தில் காற்றை இழுக்கும். தகடுகளுக்கு நடுவில் தூசி மெத்தை மாதிரி படிந்துவிடும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யாவிட்டால், மேலே போட்ட கணக்கு இன்னும் மோசமாகும்.

சுத்தம் செய்யக் கடையில் கொடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. சில உயர் ரக மாடல்களில் சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் வழக்கமான பேஸ்ட்டுக்குப் பதில் 'லிக்விட் மெட்டல்' இருக்கும். அசுஸ் தன் ஆர்.ஓ.ஜி மாடல்கள் பலவற்றில் இதைப் பயன்படுத்துகிறது. சூட்டை நன்றாகக் கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். தெரியாதவர் கழற்றி ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகிவிடும். ஃபேனை மட்டும் ஊதிச் சுத்தம் செய்தால் போதும், கூலிங் பாகத்தைக் கழற்ற வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

மெத்தை மேலோ மடியிலோ வைத்து ஓட்டுவது தனிக் கொடுமை. காற்று இழுக்கும் துளைகள் அடியில் இருக்கின்றன. வள்ளலார் 1867-ல் ஏற்றிய அடுப்பு வடலூர் தருமசாலையில் இன்றுவரை அணையாமல் எரிகிறது. அது பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. மடியில் இன்னொன்றை மூட்டுவதால் யாருக்கும் பயன் இல்லை.

கரண்ட் போனால்?

கேமிங் லேப்டாப்பில் பேட்டரி என்பது இடைவேளைக்கு மட்டும். விமானத்தில் அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய உச்ச வரம்பு 100 வாட்-அவர் என்பதால், எவ்வளவு விலை கொடுத்தாலும் பேட்டரி 99-ஐத் தாண்டாது. 90 வாட்-அவர் பேட்டரியில் 200 வாட் எடுத்தால் அரை மணி நேரம்கூட வராது. அதனால் சார்ஜரைப் பிடுங்கிய நொடியே லேப்டாப் தன் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று பிரவுசிங், கோடிங் எல்லாம் செய்யலாம். கேமோ ரெண்டரிங்கோ மறந்துவிடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா? 230 வாட் அடாப்டரைத் தாங்கும். ஆனால் அது சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இவ்வளவு பெரிய அடாப்டரை மணிக்கணக்கில் ஓட்டுவது நல்லதல்ல. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும், லோ வோல்டேஜ் அதற்குப் பிரச்சினை இல்லை. இடி மின்னல்தான் ஆபத்து. மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே இன்டர்நெட் கேபிளையும். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறதா? பெரும்பாலும் வீட்டு எர்த்தில் கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது. லேப்டாப் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடலாம். தினம் 4 மணி நேரம், 200 வாட் என்றால் 0.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். வீடுகளுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு பொருளுக்கே போகிறது. நெய்வேலி பாஷையில் சொன்னால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி. மாதம் 24 கிலோ, கேமுக்காக. ஏசி போட்டு விளையாடினால் மூட்டை இன்னும் பெரிது.

சரி, இதில் நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. கேமை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்த லேப்டாப்கள் வேலை செய்யும் மெஷின்கள். பிளெண்டரில் 3டி ரெண்டரிங், அன்ரியல் இன்ஜினில் கேம் டெவலப்மென்ட், வீடியோ எடிட்டிங் என்றால் சாதாரண லேப்டாப்புக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மெஷின் லேர்னிங் படிப்பவர்களுக்கு என்விடியாவின் கூடா வசதி பெரிய பலம். பெரும்பாலான கருவிகள் அதை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரியில் 700, 800 கோடி பராமீட்டர் கொண்ட மொழி மாடலை 4 பிட்டாகச் சுருக்கி வீட்டிலேயே, இன்டர்நெட் இல்லாமல் ஓட்டலாம். அதைவிடப் பெரிய மாடல் உள்ளே உட்காராது. 5060-க்கும் 8 ஜிபிதான், அதிக விலை கொடுத்து வாங்கும் 5070-க்கும் அதே 8 ஜிபிதான். 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டிஐ-க்குப் போக வேண்டும், அங்கே விலை வேறு உலகம். என்னைக் கேட்டால், 5060-லிருந்து 5070-க்குத் தாவும் பணத்துக்குக் கிடைக்கும் பலன் இந்த வரிசையிலேயே மோசம்.

ஆனால் எல்லா இன்ஜினியரிங் மாணவருக்கும் இந்தப் பலம் பயன்படுமா என்றால், இல்லை. சிவில், மெக்கானிக்கல் மாணவர்களிடம் "ஆட்டோகேடுக்கு கேமிங் லேப்டாப் வேணும்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கல்லூரி அளவிலான 2டி வரைபடங்களுக்கும் சின்ன 3டி மாடல்களுக்கும் சிபியுவின் ஒற்றைக் கோர் வேகமும் 16 ஜிபி ரேமும்தான் முக்கியம். சின்ன ஜிபியு போதும். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஜாவா, பைத்தான், வெப் டெவலப்மென்ட் என்றால் ஜிபியு சும்மாதான் உட்கார்ந்திருக்கும். மெஷின் லேர்னிங் பாடத்துக்கு கூகுள் கோலாப்பின் இலவசக் கணக்கிலேயே 16 ஜிபி மெமரி கொண்ட டி4 ஜிபியு கிடைக்கிறது. நேர வரம்பு உண்டு, ஆனால் அசைன்மென்ட்டுக்குத் தாராளம்.

கேமுக்காகவே வாங்குபவர்கள்? அதையும் தப்பென்று நான் சொல்லப்போவதில்லை. 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்கப்போவதாகவும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் கல்லூரி ஹாஸ்டல்களில் அதிகம் ஆடப்படும் வேலரன்ட் மாதிரி கேம்களுக்கு லட்ச ரூபாய் மெஷின் தேவையில்லை. அதைவிட இரண்டு படி கீழே இருக்கும் ஜிபியுவே போதும். "ஜிடிஏ 6 வருதே" என்பவர்களுக்கு ஒரு தகவல்: அது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான் அறிவிக்கப்பட்டது. கம்ப்யூட்டரில் வரும் என்று நம்பி இன்றைக்கே லேப்டாப் வாங்குவது, பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பது மாதிரி.

வெயிட்டையும் மறக்கக்கூடாது. லேப்டாப் இரண்டரை கிலோ, அடாப்டர் முக்கால் கிலோ. வடலூரிலிருந்து தினமும் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் இதைத் தோளில் சுமக்க வேண்டும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இங்கே மடியிலும் கனம், தோளிலும் கனம், கூட்ட நெரிசலில் ஸ்கிரீன் உடையுமோ என்ற பயம் வேறு.

விலை ஏன் இறங்கவில்லை?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தபோது டிவி, ஏசி எல்லாம் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு வந்தன. லேப்டாப் ஏற்கெனவே 18-ல் இருந்தது, அங்கேயே நின்றுவிட்டது. 1,18,000 ரூபாய் லேப்டாப்பில் 18,000 ரூபாய் வரி. ஃப்ரீலான்ஸ் வேலை செய்து சொந்தமாக ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர், தொழிலுக்காக வாங்கினால் அந்த எண்ணைப் போட்டு பில் வாங்கலாம். இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. மாணவருக்கு அந்த வாய்ப்பில்லை.

அதைவிடப் பெரிய அடி மெமரியில் விழுந்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கொண்டு போகப்படுவதால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. உலகின் டிராம் மெமரியில் பெரும்பங்கைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே நிறுவனங்கள். இதில் மைக்ரான், கடைகளில் 'குரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. "இப்போ 8 ஜிபி வாங்கிக்கலாம், அப்புறம் ரேம் போட்டுக்கலாம்" என்பது நம்ம ஊரில் காலங்காலமாகச் செய்துவந்த சிக்கனம். இப்போது அது கைகொடுக்காது. 16 ஜிபி உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் சரி.

'சென்னையிலேயே தயாராகுதே, விலை குறையாதா?' என்றும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னை மெப்ஸில் சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனத்தின் லேப்டாப் அசெம்பிளி தொடங்கியது, எம்எஸ்ஐ லேப்டாப்கள் அங்கே தயாராகின்றன. வேலைவாய்ப்புக்கு நல்லதுதான். ஆனால் லேப்டாப் இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்க வரியே கிடையாது. அதனால் இங்கே பூட்டுவதால் வரியில் மிச்சம் ஏதும் இல்லை. ஜிபியு, மெமரி எல்லாம் வெளியிலிருந்துதான் வருகின்றன.

அடுத்தது 'நோ காஸ்ட் இ.எம்.ஐ'. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது என்னவென்றால், வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, பிறகு வங்கி அதையே வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் இரண்டும் உங்கள் தலையில். மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் கார்டு தள்ளுபடியையும் சில சமயம் இழப்பீர்கள். கல்விக் கடன் எடுப்பவர்கள் வங்கியில் ஒரு வார்த்தை கேளுங்கள். படிப்புக்குத் தேவையென்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் சேர்க்க இடமுண்டு. 'நியாயமான விலை' என்பதில் ஆர்டிஎக்ஸ் 5070 அடங்குமா என்பது மேனேஜரின் மனதைப் பொறுத்தது.

ரிப்பேர் வந்தால் எங்கே ஓடுவது?

சென்னையில் இருப்பவருக்கு இது ஒரு ஆட்டோ தூரம். வடலூரில் இருப்பவருக்கு ஒரு நாள் லீவு. அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்பதைவிட அது 'ஆன்-சைட்டா', நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியதா என்பதுதான் முக்கியம். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு ஆன்-சைட் சேவை உண்டா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பெட்டியில் போட்டிருப்பது பெருநகரங்களுக்கு மட்டும் பொருந்தலாம்.

கேமிங் லேப்டாப்பில் சிபியு, ஜிபியு, சில மாடல்களில் ரேம் எல்லாமே ஒரே போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். வாரண்டி முடிந்து அதில் ஒன்று போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவில் புதிதாக ஒரு சாதாரண லேப்டாப் வாங்கிவிடலாம். மூன்றாவது வருட வாரண்டியைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது பொதுவாக எனக்குப் பிடிக்காத செலவு. இந்த ஒரு பொருளுக்கு மட்டும், அதுவும் இந்த வெயிலில், வாங்கலாம் என்பேன்.

விளம்பரத்தில் சொன்ன ஜிபியு வாட் ஒன்று, கைக்கு வந்தது வேறு என்றால் சும்மா விட வேண்டியதில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்ற நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் வாங்கிய அன்றே பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கம் அடுத்த மாதம் அப்படியே இருக்காது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

படிப்போ வேலையோ ஜிபியுவைக் கேட்கிறது, ஹாஸ்டலில் தங்கப்போகிறார் என்றால் வாங்கலாம். சின்ன எண், முழு வாட், தடிமனான உடம்பு. இந்தச் சேர்க்கைதான் நம்ம ஊருக்குப் பொருந்தும். பெரிய எண்ணை மெல்லிய உடம்பில் அடைத்து விற்கும் அழகான லேப்டாப், குளிரூட்டிய ஆபீஸில் இருப்பவருக்கானது.

வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறவர் என்றால் வேறு ஒரு வழியை யோசிக்கச் சொல்வேன். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நின்றுபோன பிறகு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் மறுபடி அறிவிக்கப்பட்டது. வகுப்புக்கு எடுத்துப் போக அந்த மாதிரி ஒரு சாதாரண லேப்டாப் கையில் இருந்தால், மீதிப் பணத்தில் வீட்டில் ஒரு டெஸ்க்டாப் போடலாம். அதே 5060 பெயர் கொண்ட டெஸ்க்டாப் கார்டுக்கு 145 வாட், கோர்களும் அதிகம். பெரிய கேபினெட், பெரிய ஃபேன், 38 டிகிரியிலும் அலட்டிக்கொள்ளாது. எது போனாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம், அதை உள்ளூர்க் கடையிலேயே செய்துகொள்ளலாம். ரேம் விலை ஏற்றம் இங்கும் உறைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் ஐந்தாவது வருடத்தில் எது உயிரோடு இருக்கும் என்று கேட்டால் என் பந்தயம் டெஸ்க்டாப் மேல்தான்.

லேப்டாப்தான் என்று முடிவெடுத்தவர்கள் கடையில் டெமோ மெஷினை ஆன் செய்யச் சொல்லி இரண்டு இடங்களைப் பாருங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பகுதியைத் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று இருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் ரேம் ஸ்லாட் இரண்டில் ஒன்று மட்டும் நிரம்பியிருக்கிறதா, இரண்டுமா என்று தெரியும். ஒன்று மட்டும் என்றால் கேமில் வேகம் குறையும். சேல்ஸ்மேன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், லட்ச ரூபாய் நம்முடையது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதில் முக்கியமானது ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை. ஸ்கிரீன் 144 ஹெர்ட்ஸ் என்பதற்காக எல்லா கேமையும் 144 ஃபிரேமில் ஓட்ட வேண்டியதில்லை. அதே கன்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃபிரேம் ரேட்டை 60 அல்லது 75 என்று கட்டிவைத்தால் வாட் சரசரவென்று இறங்கும், ஃபேன் சத்தம் அடங்கும், மே மாதத்திலும் திணறாது. எப்போதும் பிளக்கில் இருக்கும் லேப்டாப் என்றால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியையும் போட்டுவிடுங்கள். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் ஊதிவிடும்.

சீட் கிடைத்த அதே வாரம் ஓடிப்போய் வாங்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. மெமரி விலை ஏறுகிறதே என்ற பயம் நியாயமானது, ஆனால் தேவையில்லாத மெஷினை ஏறுவதற்கு முன்பே வாங்கினாலும் அது தேவையில்லாத மெஷின்தான். முதல் செமஸ்டரில் கணக்கு, இயற்பியல், வேதியியல் போக கம்ப்யூட்டரில் செய்யும் வேலை பெரும்பாலும் பைத்தானோ சி-யோதான். வீட்டில் அக்காவோ அண்ணனோ வாங்கிய பழைய அரசு லேப்டாப்பில்கூட அது ஓடும், கொஞ்சம் முனகிக்கொண்டே.